ஈத்தைக் கணுவுக்குள் வளரும் தவளைக் குஞ்சுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அகத்தியமலைக் காடுகளில் வாழும் வெண்புள்ளிப் புதர்த்தவளையைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வெளியாகியிருந்தது. ஈத்தை என்னும் மெல்லிய மூங்கிலின் உட்கூட்டில் அது முட்டையிடுகிறது என்று மட்டுமே அதில் எழுத இடமிருந்தது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இம்முறை பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

மூங்கிலுக்குள் தவளை முட்டையிடுவதாகவும், தகப்பன் தவளைதான் அவற்றைக் காப்பதாகவும் எங்கள் ஊரில் ஒருவர் சொல்கிறார். நம்பும்படியாக இல்லையே, உண்மையா?
– வாசகர், தென்காசி

முற்றிலும் உண்மை. சேஷாத்ரி, குருராஜா, டேவிட் பிக்ஃபோர்டு ஆகிய மூவரும் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் வழியாகத்தான் உலகம் இதை அறிந்துகொண்டது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மேல்மலைப் பகுதியில் அவர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.

ஓடைக்கரைகளிலும், பெருமரங்கள் விழுந்து வெளிச்சம் இறங்கிய இடங்களிலும் ஈத்தை தூர் தூராக அடர்ந்து வளரும். ஆளுயரத்தைத் தாண்டிப் போகும் அதன் தண்டு கைப்பிடிக்குள் அடங்கிவிடும் பருமன்தான். ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையிலுள்ள பகுதி முழங்கை நீளத்திற்கும் மேலிருக்கும்; உள்ளே வெற்றிடம். பூச்சிகளோ கொறிவிலங்குகளோ அந்தத் தண்டில் எப்போதோ போட்டு வைத்த சிறு துளைகள் அங்கங்கே இருக்கும். சுமார் இரண்டரை செ.மீ. நீளமுள்ள இத்தவளை அப்படிப்பட்ட துளை ஒன்றின் வழியே உடலைச் சுருக்கி நெளிந்து உள்ளே நுழைந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அங்கே ஓர் உயிர் குடியிருப்பதற்கான அடையாளம் ஏதும் தெரியாது. பச்சைத் தண்டில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு கீறல், அவ்வளவுதான்.

உள்ளே சென்ற பெண் தவளை கணுவிடையின் உட்சுவரில் சில முட்டைகளை இட்டுவிட்டு வெளியேறிவிடுகிறது. ஆண் அங்கேயே தங்கிவிடுகிறது. பகல் முழுவதும் முட்டைகளோடு இருந்துவிட்டு, மாலையில் சிறிது நேரம் இரைதேடி வெளியே வந்து, மறுபடியும் அதே துளைக்குள் திரும்புகிறது. ஒரே கணுவிடையில் வெவ்வேறு வளர்ச்சி நிலையிலுள்ள முட்டைகளும் காணப்படுவதுண்டு. பல பெண் தவளைகள் அந்த ஓர் ஆணிடம் வந்து முட்டையிட்டுச் சென்றிருக்கின்றன என்பது அதனால் புலப்படுகிறது.

இந்தக் காவல் எதற்காக என்ற கேள்விக்கு விடை தேடிச் சேஷாத்ரியும் பிக்ஃபோர்டும் அடுத்து ஒரு சோதனையை மேற்கொண்டனர். சில கணுவிடைகளிலிருந்து ஆண் தவளையை அப்புறப்படுத்திவிட்டு முட்டைகளின் கதியைக் கவனித்தார்கள். காவலில்லாத முட்டைகள் பெருமளவில் அழிந்தன. அவற்றைத் தின்றவை பெரும்பாலும் பாம்போ எறும்போ அல்ல, அதே இனத்தைச் சேர்ந்த வேறு ஆண் தவளைகள்! 2018-இல் வெளியான இந்த முடிவை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். துளையுள்ள கணுவிடைக்கு அந்தக் காட்டில் எவ்வளவு போட்டி இருக்கக்கூடும் என்பதை அது எண்ணிப் பார்க்க வைக்கிறது.

தண்ணீரே இல்லாத மூங்கிலுக்குள் தலைப்பிரட்டை எப்படி உயிர்வாழும்?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

இந்த இனத்தில் நீந்தித் திரியும் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரடியாகக் குட்டித்தவளைதான் வெளிவருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு இது. ஒளி ஊடுருவும் முட்டைக்குள் முதலில் இரு கருநிறக் கண்கள் புலப்படும்; பிறகு கால்கள் அரும்பும்; கருவை ஒட்டி மெல்லிய வால் ஒன்று சுருண்டிருக்கும். முட்டை பொரிவதற்கு முன்பே வால் ஏறக்குறைய மறைந்துவிட, நான்கு கால்களோடு, அரிசிமணி அளவேயான தவளை வெளியே வருகிறது. குளமோ குட்டையோ தேவையில்லை என்றாலும் ஈரம் தேவை. முட்டையைச் சூழ்ந்துள்ள கூழ் உலர்ந்தால் கரு மடிந்துவிடும். வெளியே வெயிலடித்தாலும் மூடிய கணுவிடைக்குள் ஈரப்பதம் எளிதில் குறைவதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலம்.

மூங்கிலில் இனப்பெருக்கம் செய்யும் தவளைகள் பிற நாடுகளிலும் உள்ளன. தைவானிலும் ஜப்பானின் தென்கோடித் தீவுகளிலும் வாழும் ஒரு மரத்தவளை, வெட்டுண்ட மூங்கிலில் தேங்கிய நீரை ஒட்டி முட்டையிடும். பொரிந்து வரும் தலைப்பிரட்டைகளுக்குத் தாய்த்தவளை கருவுறாத முட்டைகளை உணவாகத் தரும். அங்கே தேங்கிய நீர் இன்றியமையாதது. நீர் தேங்காத கணுவிடைக்குள், தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல், தகப்பன் காவலில் குஞ்சுகள் உருவாவதுதான் நம் மலையின் தனித்தன்மை. இதே வழக்கம் ஈத்தைப் புதர்த்தவளை என்னும் மற்றோர் இனத்திடமும் காணப்படுகிறது. கோழிக்கோடு மாவட்டத்துக் கக்கயம் பகுதியிலிருந்து 2007-இல் விவரிக்கப்பட்ட இனம் அது.

இத்தவளை 136 ஆண்டுகள் காணாமல் போயிருந்ததாக ஒரு செய்தியில் படித்தேன். இடைப்பட்ட காலத்தில் அது அற்றுப்போய், மீண்டும் தோன்றியதா?
– பள்ளி ஆசிரியை, அம்பாசமுத்திரம்

அற்றுப்போன இனம் மீண்டும் தோன்ற வழியில்லை. தவளை காட்டில்தான் இருந்தது, அதைத் தேடிச் சென்றவர்கள்தான் இல்லை. திருவிதாங்கூர் மலைகளில் சேகரிக்கப்பட்டு லண்டன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்த மாதிரிகளைக் கொண்டு 1876-இல் ஆல்பர்ட் குந்தர் இந்த இனத்தை விவரித்தார். அதன்பின் தலைமுறைகள் கடந்தும் உறுதியான பதிவு எதுவும் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி. பிஜு, காணாமல் போன இந்தியத் தவளைகளைத் தேடும் இயக்கம் ஒன்றை 2010-இல் தொடங்கினார். மறுஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஐந்து மறுகண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று. ஒளிரும் பச்சை உடலும், தொடைகளில் சாம்பல் கலந்த நீலமும், பொன்மஞ்சள் திட்டுகளுள்ள கண்ணும் கொண்ட இத்தவளையின் படம் அப்போதுதான் நாளிதழ்களில் வந்தது.

இவ்வளவு காலம் கண்ணில் படாததற்குக் காரணம் அதன் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். பகலில் மூங்கிலுக்குள்ளும் இரவில் கொட்டும் மழையிலும் இருக்கும் ஒரு விரற்கட்டை அளவு உயிரை, அட்டைகள் நிறைந்த ஈத்தைக் காட்டில், யானை நடமாட்டத்துக்கு நடுவே யார் தேடிக் கண்டுபிடிப்பது? அங்கே இன்னும் அறியப்படாத இனங்கள் இருக்கவே செய்யும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவேயுள்ள காக்காச்சியின் பெயரைத் தாங்கிய புதர்த்தவளை ஒன்று 2012-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது.

இலங்கையிலும் இத்தகைய தவளைகள் உண்டா?
– வாசகர், கண்டி

இதே இனம் இல்லை. ஆனால் இதன் மிக நெருங்கிய உறவினங்கள் அங்கே ஏராளமாக உள்ளன. அவையும் தலைப்பிரட்டைப் பருவம் இல்லாதவை. மலைக்காடுகளை நம்பி வாழ்பவை. உங்கள் நாட்டின் அனுபவம் எங்களுக்கு ஒரு பெரிய எச்சரிக்கை. காப்பிக்கும் தேயிலைக்குமாக மழைக்காடுகள் அழிக்கப்பட்டபோது பத்துக்கும் மேற்பட்ட புதர்த்தவளை இனங்கள் அங்கே முற்றாக மறைந்துபோயின. அவற்றில் பலவற்றுக்கு அருங்காட்சியகச் சீசாக்களில் உள்ள உடல்களைத் தவிர வேறு சான்றே இல்லை. ஆயினும் சிவனொளிபாத மலைக் காட்டில் 2009-இல் விண்மீன் புள்ளிகள் கொண்ட புதர்த்தவளை ஒன்று 156 ஆண்டுகளுக்குப் பிறகு கண்டெடுக்கப்பட்டது. அந்தக் காடு தப்பிப் பிழைத்திருந்ததனால்தான் அந்தத் தவளையும் பிழைத்தது.

நாங்கள் தலைமுறைகளாக ஈத்தை வாங்கிக் கூடை, முறம், தட்டி முடைந்து பிழைப்பவர்கள். ஈத்தை வெட்டினாலும் தூரிலிருந்து மீண்டும் முளைத்துவிடும். ஒரு தவளைக்காக எங்கள் தொழிலை நிறுத்தச் சொல்வது நியாயமா?
– கைவினைஞர், நாகர்கோவில்

வந்த கடிதங்களுள் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். உங்கள் தொழிலை நிறுத்தச் சொல்வது நியாயமாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையில் வாழும் காணி மக்கள் குடிசை வேயவும் கூடை முடையவும் காலங்காலமாக ஈத்தையைப் பயன்படுத்தியே வந்திருக்கிறார்கள். அவர்கள் கத்தியால் இந்தத் தவளை அழிந்துவிடவில்லை. காகிதக் கூழுக்காக லாரி லாரியாக, தூர் வேறுபாடின்றி மொட்டையாக வெட்டிச் செல்வதையும், முடைவதற்கேற்ற தண்டுகளைப் பார்த்துப் பார்த்து எடுப்பதையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது பெரும் பிழை.

ஆனால் "மீண்டும் முளைத்துவிடும்" என்ற வாதத்தை மட்டும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. ஈத்தை முளைக்கும், துளை முளைக்காது. தவளையால் தண்டைத் துளைக்க முடியாது. பிற உயிர்கள் துளைத்து விட்டுச்சென்ற கணுவிடைக்காக அது காத்திருக்க வேண்டும். இளந்தண்டு முற்றி, அதில் ஏதோ ஒரு பூச்சியோ எலியோ வாய்வைத்து, அந்தத் துளை தவளை நுழையும் அளவுக்கு அமைந்த பிறகே அது வீடாகும். காட்டில் ஆயிரக்கணக்கான தண்டுகள் நின்றாலும் அவற்றுள் குடியிருக்கத் தக்கவை கொஞ்சமே. முழுத் தூரையும் வெட்டிவிட்டால், புதுத்தண்டுகள் எவ்வளவு செழிப்பாக எழுந்தாலும், அந்த ஓடைக்கரையில் தவளைக்குச் சில ஆண்டுகள் வீடில்லை. மழை மாதங்களில் வெட்டினாலோ உள்ளிருக்கும் முட்டைகளும் காவல் நிற்கும் ஆணும் தண்டோடு சேர்ந்தே கட்டுக்குள் போய்விடும். வெட்டுபவருக்கு அது தெரியக்கூட வாய்ப்பில்லை.

இங்கே உங்கள் தொழில் அறிவே வழிகாட்டுகிறது. கீறிப் பிளந்து முடைவதற்கு முற்றாத, பூச்சி அரிக்காத, நீளக் கணுவுள்ள தண்டைத்தானே தேர்ந்தெடுப்பீர்கள்? தவளைக்கு வேண்டியது நீங்கள் கழித்துத் தள்ளும் துளைவிழுந்த முற்றிய தண்டு. இரண்டு தேவைகளும் ஒன்றோடொன்று மோதவில்லை. துளையுள்ள தண்டுகளை நிற்கவிடுவது, ஓடையை ஒட்டிய தூர்களைத் தொடாமல் விடுவது, இனப்பெருக்கம் நடக்கும் மழைக்காலத்தில் வெட்டாமல் இருப்பது ஆகிய மூன்றும், வனத்துறை அனுமதியோடு ஈத்தை எடுக்கப்படும் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தால் கைவினையும் தவளையும் ஒரே காட்டைப் பகிர்ந்துகொள்ள முடியும். புலிகள் காப்பகத்தின் உள்வட்டத்தில் வெட்டுவதற்கு இடமில்லை. அது அப்படியே இருக்கட்டும். இயற்கையிலேயே ஈத்தைக்கு ஒரு பலவீனம் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு வட்டாரத்து ஈத்தை மொத்தமும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூத்துக் காய்த்து மடிந்துபோகும். அப்படி ஒரு சரிவு முழுவதும் பட்டுப்போகும் காலத்தில் அடுத்த சரிவிலாவது முற்றிய ஈத்தை நிற்க வேண்டும். எல்லாச் சரிவுகளையும் ஒருசேர மொட்டையடித்துவிட்டால் தவளைக்கு ஒதுங்க இடமிருக்காது.

காப்பகத்துக்குள் பாதுகாப்பாக இருக்கும் தவளையை அழியும் நிலையில் உள்ளதாகச் சொல்வது ஏன்?
– வாசகர், மதுரை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2004-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இதை மிகவும் அருகிவிட்ட இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. அதன் வாழிடம் மிகச் சுருங்கியது என்பதே அடிப்படைக் காரணம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே தனித்து நிற்கும் அகத்தியமலைத் தொகுதி, தாழ்ந்த வறண்ட கணவாயைக் கடக்க முடியாத சிறு உயிர்களுக்கு ஒரு தீவு. அந்தத் தீவிலும் எல்லா உயரத்திலும் இது வாழ்வதில்லை. ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியும் சூழ்ந்த மலைமேல் பசுமைமாறாக் காடும் அதனுள் ஈத்தையும் சேர்ந்தமைந்த இடங்களிலேதான் வாழ்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் பகுதி அது. நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி ஆகிய இடங்களின் மழையளவு வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்திலேயே முதலிடத்தில் அடிக்கடி நிற்பதைச் செய்திகளில் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

895 சதுர கி.மீ. பரப்புள்ள களக்காடு முண்டந்துறை 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வெடிப்பலாவும் நாங்கும் பாலியும் ஓங்கி நிற்கும் அந்தக் காட்டில்தான் சோலைமந்தியும் இருவாச்சியும் வாழ்கின்றன, தாமிரபரணியும் பிறக்கிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாதிருந்தால் இன்று இந்தத் தவளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவே மாட்டோம். என்றாலும் காட்டின் நடுவில் தேயிலை இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட எட்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் ஒரு பகுதி மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எனத் தோட்டங்களாயிற்று. மழைக்காட்டின் நிழல் இல்லாத திறந்த சரிவு, ஈரத்தோல் கொண்ட தவளைக்குக் கடக்க முடியாத வெளி. தோட்டங்களின் குத்தகைக்காலம் முடிவை நெருங்கும் இந்நேரத்தில், தலைமுறைகளாக அங்கு உழைத்தவர்களுக்கு மதிப்பான மறுவாழ்வும், நிலத்தில் இயல்தாவரங்களை நட்டுக் காட்டை மீட்டெடுக்கும் நீண்டகாலப் பணியும் இரண்டுமே நடந்தாக வேண்டும். ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்கவில்லை.

காப்பக எல்லையால் தடுக்க முடியாதவையும் உள்ளன. மழை நாட்களுக்கு இடையே வறண்ட இடைவெளி நீண்டுகொண்டே போனால் நேரடியாகக் குட்டியாகும் முட்டைகளே முதலில் பாதிக்கப்படும். உலகெங்கும் தவளைகளைக் கொன்ற தோல்பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிடமும் கண்டறியப்பட்டுள்ளது. இங்கே அதனால் பெருந்திரளான மடிவு பதிவாகவில்லை என்பது ஆறுதலே தவிர, அலட்சியத்துக்கு இடமில்லை. 2023-இல் வெளியான உலக மதிப்பீட்டின்படி நீர்நில வாழ்வனவற்றுள் ஏறத்தாழ 41 விழுக்காட்டு இனங்கள் அழிவின் அச்சுறுத்தலில் உள்ளன; முதுகெலும்புள்ள வேறெந்த வகுப்பும் இந்த அளவுக்கு நெருக்கடியில் இல்லை.

உயிரியல் பூங்காவில் வைத்து இனப்பெருக்கம் செய்து காட்டில் விடலாமே?
– வாசகர், சென்னை

இப்போதைக்குத் தேவையில்லை. இந்தத் தவளைக்குக் குறைவது எண்ணிக்கையைப் பெருக்கும் நுட்பமல்ல, குடியிருக்கத் தக்க கணுவிடைகள். கூண்டில் வளர்த்துக் கொண்டுபோய் விட்டாலும், காவலற்ற முட்டைகளைத் தின்னும் ஆண்கள் காத்திருக்கும் காட்டில் கூடுதல் தவளைகள் எங்கே போய் முட்டையிடும்?

அடுத்த மழைக்காலத்தில் மாஞ்சோலைப் பக்கம் சென்றால் இதைப் பார்க்க முடியுமா? படம் எடுக்க ஆசை.
– வாசகர், தூத்துக்குடி

சாலையோரத்தில் நின்று பார்க்கக்கூடிய உயிரல்ல இது. காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும், எந்த உயிரினத்தையும் பிடிப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவளையைக் காணும் ஆவலில் ஒருவர் ஈத்தைத் தண்டைப் பிளந்துவிட்டாலே, அந்தக் கணுவிடையின் முட்டைகள் அத்தனையும் வீணாகும். எனவே தயவுசெய்து அதைத் தேடிச் செல்ல வேண்டாம்.

ஆசை வீணாக வேண்டியதில்லை. மழை தொடங்கியதும் ஊர்ப்புறக் குளியலறைகளிலும் கிணற்றடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புநிற மரத்தவளையிலிருந்து தொடங்குங்கள். படத்தோடு நாளையும் இடத்தையும் குறித்து ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற பொதுத் தளங்களில் பதிவேற்றினால் ஆய்வாளர்கள் இனத்தை உறுதிசெய்வார்கள். குரலைக் கைப்பேசியில் பதிவுசெய்து சேர்த்தால் இன்னும் பயன்படும். அரிய இனம் எதையேனும் தற்செயலாகக் கண்டால் துல்லியமான இடத்தை வெளியிடாமல் மறைத்து வையுங்கள். அதற்கான வசதி ஐநேச்சுரலிஸ்டில் இருக்கிறது. ஓர் ஓடையிலிருந்து வேறோர் ஓடைக்குச் செல்லும்போது காலணிகளைக் கழுவி நன்கு உலர்த்திய பிறகே இறங்குங்கள். பூஞ்சை சேற்றோடு ஒட்டிப் பயணம் செய்யும்.